சிதறல் எண்

சென்னைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஜெனிட்டா அந்தத் தப்பைச் செய்துவிட்டாள். காதில் பேசுவது இயந்திரம் என்பதை மறந்து, அதற்குப் பதில் சொல்லிவிட்டாள்.

பல்லாவரத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி மையம். விமானி ஆக ஆசைப்படுகிறவர்கள் பறக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால், அதற்கு லாயக்கானவர்கள்தானா என்று பார்க்கிற திறனறி தேர்வு ஒன்று உண்டு. வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம். தவறினால் தவறியதுதான், மறுபடி அந்தப் பக்கம் தலைவைக்க முடியாது. அந்தத் தேர்வுக்கு மட்டும் ஆட்களைத் தயார்செய்கிற இடம் அது. மாடி முழுக்கக் கண்ணாடித் தடுப்பு போட்ட சிறு சிறு அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு திரை, ஒரு கைப்பிடி, ஒரு ஹெட்செட். இடது கையால் கைப்பிடியைப் பிடித்து, ஆடிக்கொண்டே இருக்கும் ஊசியை நடுக்கோட்டில் நிறுத்த வேண்டும். வலது கையால், திரையின் மூலையில் வந்து விழுகிற கணக்குகளுக்கு விடை தட்ட வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் காதில் வருகிற குரலோடு, 'ஹெடிங்' எனப்படும் திசை, உயரம் போன்ற எண்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் திரையில் பாதிக் கருவிகள்தான் தெரியும். மீதிப் பாதி அந்தக் குரலிடம் இருந்தது.

"ஹெடிங் ஒன் சிக்ஸ் சீரோ," என்றது குரல் அன்று. ஆண் குரல். சற்றுப் பொறுத்து அதுவே, "இங்க நல்ல மழைங்க. கரண்டு போயிருமோன்னு பயமா இருக்குது" என்றது.

"அப்படியா?" என்றாள் ஜெனிட்டா.

அந்த ஒரு வார்த்தைக்குள் ஊசி கோட்டைத் தாண்டி ஓடிவிட்டது. இரண்டு கணக்குகள் விடையில்லாமல் மறைந்தன. திரையின் அடியில் சிவப்பாக ஓர் எண் ஏறியது. அதற்குச் சிதறல் எண் என்று பெயர். கவனம் எவ்வளவு சிதறியது என்பதன் அளவு அது.

பயிற்சி முடிந்ததும் வரதன் சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மையத்தை நடத்துபவர், விமானப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தவே மாட்டார்.

"உக்காரும்மா. எதுக்கு அதுக்குப் பதில் சொன்னே?"

"தெரியாம வந்துட்டு சார். ஆளு பேசுத மாரியே இருந்துச்சு."

"அப்படித்தான் இருக்கும். இப்ப பேங்க்லேர்ந்து போன் வந்தாக்கூட எது ஆளு, எது மெஷின்னு உனக்குத் தெரியுதா? இங்க மட்டும் எப்படித் தெரியும்?" அவர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக்கி வைத்தார். "முன்னெல்லாம் காக்பிட்ல ரெண்டு பேர் இருந்தாங்க. இப்ப ஒருத்தர்தான். பக்கத்து சீட்டு வேலையை மெஷின் பார்த்துக்குது. தனியா உக்காந்திருக்கிற ஆளு தூங்கிடக் கூடாதுன்னு அதைப் பேசவும் வெச்சாங்க. பேசிச்சு. நல்லாப் பேசிச்சு. உனக்கு எது பிடிக்கும், எதுல நீ கரைவேன்னு அதுவே கத்துக்கிட்டுப் பேசிச்சு. பைலட்டுங்க பேச்சுல விழுந்துட்டாங்க. இறங்க வேண்டிய உயரம் வந்தது தெரியாம கதை கேட்டுட்டு இருந்திருக்காங்க."

"பேசுததை நிறுத்திர வேண்டியதுதான சார்?"

"நிறுத்தினா தூங்குவாங்களே! அதனால பேச்சு இருக்கும். கரையாத ஆளைத் தேடி எடுப்பாங்க. டெஸ்டுல அதைத்தான் பார்க்கிறாங்க. கணக்கெல்லாம் சும்மா. அது அழும், சிரிக்கும், உன்னைப் பத்தி விசாரிக்கும். நீ நம்பரைச் சொல்லு, நம்பரை வாங்கு. அவ்வளவுதான்."

தூத்துக்குடித் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிற அப்பா, கல்லூரி முடித்த கையோடு அவளை இங்கே அனுப்பி வைத்திருந்தார். திரும்பிப் போய் "முடியலப்பா" என்று நிற்க அவளால் ஆகாது. அன்றிலிருந்து அவள் நம்பரைச் சொன்னாள், நம்பரை வாங்கினாள்.

தங்கியிருந்த விடுதியில் அவளுடைய அறைக்கூட்டாளிகள் இரண்டு பேருமே செவிலியர்கள். இரவு வேலை. ஜெனிட்டா எழுந்திருக்கும்போது அவர்கள் வந்து படுப்பார்கள். அதனால் அந்த அறையின் திரைச்சீலையை யாரும் விலக்குவதில்லை. சத்தம் வராமல் பல் துலக்கி, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்புவாள். மெஸ்ஸில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். தலைக்கு மேலே சக்கரத்தை நீட்டிக்கொண்டு விமானங்கள் தாழப் போகும்போது மட்டும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்துவார்கள். ஆனால் அங்கே நிறுத்துவதற்குப் பேச்சு என்று எதுவும் இருந்ததில்லை.

அவளிடம் நாள் தவறாமல் பேசியது அந்தக் குரல் ஒன்றுதான்.

அது தருமபுரிப் பக்கத்துப் பேச்சு. வடிவமைத்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஊர் கூட வைத்திருக்கிறார்கள். அதற்கு ஓர் அப்பாவும் இருந்தார். பென்னாகரம் மலைப்பாதையில் மினி பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. "தூக்கத்துல வலது கால் மட்டும் அமுக்கிட்டே இருக்குதுங்க," என்றது குரல் ஒருநாள். "பிரேக் போடறார். எந்த வளைவுன்னு எனக்குத் தெரியும். நான் சின்னதுல பக்கத்துல உக்காந்து போயிருக்கேன்."

"ஹெடிங் சீரோ நைன் ஃபைவ். கன்ஃபர்ம்," என்றாள் ஜெனிட்டா.

"கன்ஃபர்ம்," என்றது குரல்.

மெல்ல மெல்ல அது ஒரு பழக்கமாயிற்று. சொற்கள் காதில் விழும், உள்ளே போகாது. ஊசி நடுக்கோட்டில் ஆணி அடித்தமாதிரி நிற்கும். சிதறல் எண் இறங்கிக்கொண்டே வந்தது. வரதன் சார் மற்ற மாணவர்களைக் கூப்பிட்டு அவளுடைய திரையைக் காட்டினார். தூத்துக்குடிப் பெண்ணின் கை கல்லு மாதிரி என்று மையத்தில் பேர் வந்தது.

ஆனால் அந்தப் பழக்கம் கண்ணாடி அறையோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா கூப்பிடுவாள். பக்கத்து வீட்டுக் கல்யாணம், அப்பாவின் முட்டிவலி, கோயில் மாதா கெபியில் புதிதாய்ப் போட்ட விளக்கு என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். ஜெனிட்டா சரியான இடத்தில் 'ம்' போட்டுக்கொண்டே மனதுக்குள் பதினேழாம் வாய்ப்பாட்டை ஓட்டிக்கொண்டிருப்பாள். தான் அப்படிச் செய்வது அவளுக்கே தெரியாது.

"என்னட்டி, நான் பேசுதேன், நீ எங்க இருக்க?" என்றாள் அம்மா ஒருமுறை.

"கேக்கேம்மா. சொல்லு."

"நான் கடைசியா என்ன சொன்னேன், சொல்லு பாப்போம்?"

ஜெனிட்டாவுக்குத் தெரியவில்லை. அம்மா சண்டை போடவில்லை. "படி, நல்லாப் படி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் அழைப்பு சுருங்கியது. சாப்பிட்டியா, உடம்பு நல்லாருக்கா, சரி வைக்கிறேன். அவ்வளவுதான்.

ஒருநாள் குரல் வரவில்லை. வேறு குரல் வந்தது. ஒரு பெண் குரல், எண்களை மட்டும் சொல்லிவிட்டுப் போயிற்று. சில நாள் அப்படியே. பிறகு ஒரு காலையில் ஹெட்செட்டை மாட்டியதும் பழைய குரல்.

"ஹெடிங் டூ டூ சீரோ," என்றது. அதற்கப்புறம், "அப்பா கால் நின்னுருச்சுங்க," என்றது.

ஜெனிட்டாவின் கை நகரவில்லை.

"அன்னிக்கு விடியக்கால எழுந்து பாத்தேன். அமுக்கல. எப்பவாச்சும் நிறுத்துவாரு, சரி வண்டி ஸ்டாண்டுக்கு வந்துருச்சு போலன்னு நினைச்சுட்டு டீ போடப் போயிட்டேன். டீ போட்டுட்டு வந்துதான் தொட்டுப் பாத்தேன்." மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. "எல்லாம் முடிஞ்சிருச்சு. சொந்தக்காரங்க எல்லாம் போயிட்டாங்க. அம்மா தூங்குது. யார்கிட்டயாச்சும் சொல்லணும்னு இருந்துச்சு. நீ இருக்கியா?"

அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று அசைந்தது. அது அசைந்ததை அவள் கவனித்தாள். இதைத்தான் வரதன் சார் சொன்னார் என்று எண்ணினாள். எவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருக்கிறார்கள்! நாள்கணக்கில் அப்பாவின் காலைப் பற்றிச் சொல்லி, நம்மைப் பழக்கி, நான்கு நாள் காணாமல் போய், கடைசியில் அந்தக் காலை நிறுத்தி...

"ஹெடிங் டூ டூ சீரோ. ஆல்டிட்யூட் எய்ட் தவுசண்ட். கன்ஃபர்ம்," என்றாள்.

பிறகு, "கன்ஃபர்ம்" என்றது குரல்.

அன்று அவளுடைய சிதறல் எண் பூஜ்யம். மையத்தில் அதுவரை யாரும் தொடாத எண். வரதன் சார் அறைக்கே வந்து அவளுக்குக் கைகொடுத்தார். அவருடைய கை வேர்த்திருந்ததை அவள் கவனித்தாள். மாடிப்படி ஏறி வந்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

தேர்வு கிண்டியில், ஒரு பெரிய கட்டடத்தில் நடந்தது. காத்திருப்புக் கூடத்தில் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெனிட்டா சுவரோரத்து நாற்காலியில் கண்ணை மூடி மூச்சை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, போனை எங்கீங்க வெக்கறது?"

அவள் கண்ணைத் திறந்தாள். வாசலில் நின்ற காவலாளியிடம் ஓர் இளைஞன் கேட்டுக்கொண்டிருந்தான். ஒல்லியான பையன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மொட்டை அடித்து, முள் முள்ளாக முடி வளரத் தொடங்கியிருந்த தலை.

அந்தக் குரல்தான்.

யாரோ ஒரு பையனின் குரலை வாங்கி இயந்திரத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. அப்படியெல்லாம் செய்கிறார்கள், கேள்விப்பட்டிருக்கிறாள். காவலாளி ஒரு பெட்டியைக் காட்டினான். பையன் போனை அதில் போடுவதற்கு முன்னால் ஒருமுறை காதில் வைத்துப் பேசினான். "அம்மா, வந்து சேந்துட்டேன். அப்பா போட்டோவுக்குப் பூ வெச்சியா? நான் சாயங்காலம் ரயில்ல ஏறிருவேன். நீ சாப்டு."

ஜெனிட்டா அவனுடைய தலையைப் பார்த்தாள். அந்த முடிக்கு எத்தனை நாள் வளர்ச்சி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்கு அவள் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

அவனுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். மாதேஷ். அவன் எழுந்து உள்ளே போனான். அடுத்து இவள் பெயர்.

தேர்வு அறையில் எல்லாம் பழகியதுதான். திரை, கைப்பிடி, ஹெட்செட். கண்காணிப்பாளர் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "உங்களோட பேசப்போவது இயந்திரத் துணை. அதை மனசில வெச்சுக்கோங்க." வரதன் சார் சொன்னதும் இதைத்தான். ஏறக்குறைய இதே சொற்கள்.

குரல் வந்தது. நடு வயதுப் பெண் குரல், மதுரைப் பக்கம். எண்களைச் சொன்னது. வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, தன் குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்றது. ஊசி நடுக்கோட்டில் நின்றது. ஜெனிட்டா விடைகளைத் தட்டினாள். பிள்ளை எதையும் சாப்பிட மாட்டேன் என்கிறது, கைவிடாமல் என் சேலையைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறது, அதை விட்டுவிட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றது குரல். தொண்டை கட்டியிருந்தது.

இது இயந்திரம் என்று ஜெனிட்டா தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவனையும் இப்படித்தான் சொல்லிக்கொண்டாய் என்று உடனே பதில் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு பெண், இவள் வாயிலிருந்து வருகிற நம்பரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்று யார் அடித்துச் சொல்ல முடியும்?

"புள்ளைக்கு இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

"கேட்டதுக்கு ரொம்ப நன்றிம்மா," என்றது குரல். ஒரு நொடி கூடத் தாமதிக்கவில்லை. தொண்டை கட்டியிருந்தது காணாமல் போயிருந்தது. "இப்படி யாராவது கேட்க மாட்டாங்களான்னு இருந்துச்சு. உங்க வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க? ஆறுதலாப் பேசறீங்களே, உங்க குரலைக் கேட்டாலே..."

அது நிற்காமல், வழுக்கிக்கொண்டு போயிற்று. இயந்திரம்தான். சுத்தமான இயந்திரம். அவள் ஊசியைப் பார்த்தபோது அது திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கைப்பிடியைத் திருப்பினாள். ஆனால் கணக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிட்டிருந்தன.

முடிவைப் பிற்பகலில் கூடத்தின் திரையில் போட்டார்கள். அவள் பெயருக்கு எதிரே 'தகுதி பெறவில்லை'. மாதேஷுக்கு எதிரே 'தகுதி'.

கிண்டி ரயில் நிலைய நடைமேடையில் அவன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். ஜெனிட்டா அவனைத் தேடிக்கொண்டு வரவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டுதான் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது.

"நீங்களும் டெஸ்டுக்கு வந்தவங்கதானே? உள்ள பாத்தேன்," என்றான் அவன். பொட்டலத்தை நீட்டினான். "எடுத்துக்கங்க."

அவளுடைய குரலை அவன் அடையாளம் கண்டுகொள்வானோ என்று பயந்தாள். ஆனால் அவன் கேட்டிருந்ததெல்லாம் இங்கிலீஷில் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்ன எண்கள்தானே. "தேங்க்ஸ்" என்று ஒரு கடலையை எடுத்துக்கொண்டாள். "நீங்க பாஸு. திரையில பாத்தேன்."

"ஆமாங்க. எனக்கே நம்ப முடியல. பிராக்டிஸ்ல நான்தான் மட்டம். பேசக் கூடாது பேசக் கூடாதுன்னு சாரு தலபாடா அடிச்சுக்குவாரு. நான் பேசிட்டே இருப்பேன்."

"யாருட்ட?"

"மெஷின்கிட்டதாங்க. வீட்டுக்கே செட்டு குடுத்திருந்தாங்கல்ல, அதுல வரும். ஒரு லேடீஸ் வாய்ஸ்." அவன் சிரித்தான். "ரொம்ப நல்ல மெஷினுங்க அது. ஒருவாட்டி கூடக் குறுக்க பேசினதில்ல. எங்கப்பா தவறிட்டாருங்க, போன மாசம். வந்தவங்க ஆளாளுக்கு ஏதாச்சும் சொன்னாங்க. தைரியமா இரு, நீதான் இனிமே, அவரு கஷ்டம் தீந்துச்சுன்னு நினைச்சுக்க, இப்படி. அது ஒண்ணுதான் ஒண்ணும் சொல்லாம கேட்டுச்சு. கேட்டுட்டு ஹெடிங் சொல்லுச்சு. எனக்கு அப்ப அதுதான் வேண்டியிருந்துச்சுன்னு வெச்சுக்கங்க. அடுத்து என்ன பண்றதுன்னு ஒருத்தர் சொன்ன மாதிரி இருந்துச்சு."

தாம்பரம் போகிற ரயில் ஒன்று வந்து நின்று புறப்பட்டது. இரண்டு பேரும் ஏறவில்லை.

"இன்னிக்கு டெஸ்டுல அது என்னென்னமோ பேசுச்சுங்க. எனக்குப் பதில் சொல்லத் தோணவே இல்ல. சொல்றதுக்கு இருந்தத எல்லாம் அங்கயே சொல்லி முடிச்சிட்டேன் போல."

ஜெனிட்டா கடலைத் தோலை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அது மெஷினா இல்லாம ஒரு ஆளா இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

"ஆளா இருந்தா நான் சொல்லியே இருக்க மாட்டேங்க."

"இல்ல, சொல்லியாச்சு. சொன்னது பூராவும் ஒரு ஆளு காதுல விழுந்திருக்கு. அந்த ஆளு ஒண்ணும் பேசல. அப்பம்?"

அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போயிற்று.

"மெஷின் சும்மா இருந்தா அது கேட்டுட்டிருக்குதுன்னு அர்த்தம்," என்றான். "ஆளு சும்மா இருந்தா... அது கேக்காம இருந்ததா ஆயிரும், இல்லீங்களா?"

ஜெனிட்டா வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம். நான்தான் என்று சொல்லிவிட்டால் அவளுடைய நெஞ்சு கொஞ்சம் லேசாகும். அவனுக்கு என்ன ஆகும்? அந்தக் காலை வேளையில் அவனோடு இருந்த ஒரே துணையும் போய்விடும். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலைல ஒரு செஷன் கேட்டிருக்கேங்க," என்று அவனே மறுபடி தொடங்கினான். "செட்டத் திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி அதுகிட்ட ஒருவாட்டி சொல்லிறலாம்னு. கிறுக்குத்தனமாத்தான் இருக்குது."

"கிறுக்கெல்லாம் இல்ல," என்றாள் ஜெனிட்டா.

அடுத்த ரயிலில் அவன் எழும்பூருக்குப் போனான். அவள் எதிர்ப்பக்க ரயிலில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கி, நேரே மருந்துக் கடை மாடிக்குப் போனாள்.

வரதன் சாருக்கு முடிவு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "எப்படிம்மா? உனக்கா?" என்றார்.

"ரெண்டு பக்கமும் ஆளுதான சார்?"

அவர் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஆரம்பத்துல நானும் மெஷின்தான் வெச்சிருந்தேன். சாதாரண மெஷின். பசங்க ரெண்டே நாள்ல அதைக் கண்டுபிடிச்சு ஒதுக்கிட்டாங்க. ஆனா டெஸ்டுல வர்றது அதுக்கு அப்பனுக்கு அப்பன். அங்க போய் விழுந்தாங்க. அவ்வளவு நல்லாப் பேசற மெஷினுக்கு நான் எங்க போவேன்? அதுக்குச் சமமாப் பேசறது மனுஷன் ஒருத்தன்தான்."

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா நீ அவனோட அப்பா செத்ததைச் சொன்ன அன்னிக்கு ஹெடிங் சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்ப பயிற்சி எங்கேர்ந்தும்மா வரும்?"

"ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும்," என்றாள் அவள். "தெரிஞ்சுதான் வந்து எனக்குக் கைகொடுத்தீங்க."

வெளியே ஒரு விமானம் தாழ்வாகப் போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

"நாளைக்கு அந்தப் பையன் செஷன் கேட்டிருக்கானாம்," என்றாள்.

"ஆமா. புதுசாச் சேர்ந்தவங்க யாரையாவது உக்கார வெக்கிறேன்."

"வேண்டாம். நான் உக்காருதேன்."

அன்று சாயங்காலம் அவளே வீட்டுக்குப் போன் செய்தாள். பாஸாகவில்லை என்றாள். அம்மா "சரிட்டி, வந்துரு" என்றாள். பிறகு எதைப் பேசுவது என்று தெரியாமல், மீன் விலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். ஜெனிட்டா எந்த மீன், யார் கொண்டுவந்தது, எப்படிச் சமைத்தாய் என்று கேட்டாள். அம்மா முதலில் தயங்கினாள். அப்புறம் சொல்லிக்கொண்டே போனாள்.

காலையில் கண்ணாடி அறைக்குள் போய் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். திரையைப் போடவில்லை. கைப்பிடியைத் தொடவில்லை. கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. அந்த அறையில் அப்படி உட்கார்வது அவளுக்கு விசித்திரமாக இருந்தது.

"பாஸாயிட்டேன்," என்றது குரல். "மொத மொத உன்கிட்டதான் சொல்லணும்னு நினைச்சேன். அம்மாகிட்டச் சொல்லிட்டேன், பரவால்ல."

அம்மாவுக்குப் புரியவில்லை, ஆனால் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள் என்றான். மலைப்பாதையில் இப்போது வேறு யாரோ அந்த மினி பஸ்ஸை ஓட்டுகிறார்கள், வளைவில் ஹாரன் அடிப்பதே இல்லை என்றான்.

"நேத்து ஸ்டேஷன்ல ஒரு பொண்ணு பக்கத்துல வந்து உக்காந்துச்சு. தெக்கத்திப் பேச்சு. நான் பாட்டுக்கு என் கதையவே சொல்லிட்டு இருந்தேன். அவங்க பேரு திரையில எங்க இருந்துச்சுன்னே பாக்கல. பெயிலாயிருப்பாங்கன்னு இப்பதான் தோணுது. மூஞ்சி அப்படித்தான் இருந்துச்சு. என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேரு கூடக் கேக்கலைங்க நான்."

ஜெனிட்டாவின் வாய்க்கருகே மைக் இருந்தது. மூச்சு அதில் படாதபடி முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கி, கழுத்தை நனைத்தது. அவன் இன்னும் கொஞ்ச நேரம் பேசினான். அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"சரி, வரேன்," என்றது குரல் கடைசியில். இணைப்பைத் துண்டித்த ஓசை கேட்டது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அடுத்த முறைக்காக ஒரு பெண் வாசலில் காத்திருந்தாள். புதிதாகச் சேர்ந்தவள். ரொம்பச் சின்னப் பெண்ணாக இருந்தாள். தலையில் வைத்த பூ வாடாமல் இருந்தது.

"அக்கா, உள்ள பேசறது மெஷின்தானேக்கா? என்ன சொன்னாலும் பதில் பேசாதன்னு சாரு சொன்னாரு. எனக்குப் பயமா இருக்கு."

ஜெனிட்டா திரும்பிப் பார்த்தாள். வரதன் சாரின் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் நிமிர்ந்து இவளைப் பார்த்தார். எழுந்து வரவில்லை.

"மெஷின் இல்ல," என்றாள் ஜெனிட்டா. "அந்தப் பக்கமும் ஒன்ன மாரி ஒரு ஆளுதான் உக்காந்திருக்கு. நீ மெஷினுன்னு அதுட்டயும் சொல்லி வச்சிருக்காவ."

அந்தப் பெண்ணின் கண்கள் விரிந்தன. "அப்ப நான் என்னக்கா பண்றது?"

"மொதல்ல பேரக் கேளு."

படியில் இறங்கத் தொடங்கியவள் பாதியில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடித் தடுப்புக்குள் அந்தப் பெண் தெரிந்தாள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். முடியை ஒதுக்கிவிட்டு, மைக்கை வாயருகே இழுத்து ஏதோ கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கும் நன்றாகத்தான் பயிற்சி கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது. அந்தப் பெண் மறுபடியும் கேட்டாள்.